பழைய கெப் வாகனத்துக்குப் புதிய வலு: காசை எங்கே போடுவது?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியபோது, பசறையில் சில்லறைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கடை வாசலில் அவருடைய கெப் வாகனம் நின்றது. தொண்ணூறுகளில் வந்த டீசல் ஹைலக்ஸ். தேநீர் வருவதற்கு முன்பே விடயத்துக்கு வந்துவிட்டார்.

"நானா, மேட்டுல வாகனம் இழுக்குதில்ல. ஒரு டன் சாமானப் போட்டா எல்ல ஏத்தத்துல ரெண்டாம் கியர்தான். பின்னால வாற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்றான். பழைய டேர்போ ஒன்னு பொருத்தித் தாறதாச் சொல்றாங்க. போடுவமா?"

இதே கேள்வியை வெலிமடையில் கிழங்கு ஏற்றுபவரும், லுணுகலைப் பக்கம் தோட்டக் கடைகளுக்குச் சாமான் கொடுப்பவரும், பண்டாரவளையில் ஹாட்வெயார் வைத்திருப்பவரும் என்னிடம் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் முப்பது வருடமாகப் பழைய டீசல் வாகனங்களை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறேன். சரியாகச் செலவழித்ததும் உண்டு, முட்டாள்தனமாகச் செலவழித்ததும் உண்டு. இரண்டையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

பழைய வாகனம் ஏன் இன்னும் ஓடுகிறது?

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வர்த்தக வாகனங்களுக்கும் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. இறக்குமதி திறந்த பிறகும் வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு புதிய டபள் கெப் கோடியைத் தாண்டிய சமாச்சாரம். எம்மைப் போன்ற நடுத்தர வியாபாரிக்கு அது கடையையும் கையிருப்புச் சாமானையும் சேர்த்து விற்றாலும் எட்டாத தொகை.

அதனால்தான் ஹைலக்ஸ், நிசான் டி21, இசுசு, மிட்சுபிஷி எல்200 என்று இருபத்தைந்து முப்பது வயதான வாகனங்கள் ஊவாவின் மலைகளில் இன்னும் ஏறி இறங்குகின்றன. குருத்தலாவையில் இருந்து கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி போவதும், நமுனுகுல, மடூல்சீமைத் தோட்டங்களுக்கு அரிசி மாவு போவதும் பெரும்பாலும் இவற்றில்தான். இவற்றில் ஒரு வசதியும் உண்டு. கம்பியூட்டர் இல்லாத எஞ்சின்கள். ஹைலக்ஸின் எல் குடும்ப எஞ்சின்தான் டொல்பின் ஹைஏஸ் வேனிலும் இருந்தது என்பதால் பஞ்சிகாவத்தைக்குப் போனால் உதிரிப்பாகம் கிடைக்காமல் திரும்ப வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒடோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவைத் தொட்டது. அன்று கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் அனைவரும் ஒரு பாடம் படித்தோம். இழுவை என்பதும் டீசல் செலவு என்பதும் இரண்டு விடயமல்ல. எரிய வேண்டிய டீசல் ஒழுங்காக எரியாவிட்டால் இழுவையும் போகிறது, காசும் போகிறது.

மலைக் காற்றும் டீசல் எஞ்சினும்

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேடு ஏறும்போது வாகனம் சோர்வதற்குச் சுமையும் ஏற்றமும் மாத்திரம் காரணமல்ல. காற்றும் ஒரு காரணம். வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை 680 மீற்றர். எல்ல ஆயிரம் மீற்றரைத் தாண்டியது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்தில் இருப்பதை விட ஹப்புத்தளையில் காற்றின் அடர்த்தி சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு.

டேர்போ இல்லாத டீசல் எஞ்சின் தானாக இழுக்கும் காற்றை வைத்துத்தான் டீசலை எரிக்கிறது. காற்று எட்டில் ஒரு பங்கு குறைந்தால் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பழைய 2.8 லீற்றர் ஹைலக்ஸ் எஞ்சின் புதிதாக இருந்தபோதே சுமார் 90 குதிரை வலுதான். அது ஹப்புத்தளையில் 80 அளவுக்கு இறங்கிவிடும். இது நோயல்ல, இயற்கை. இந்த எண்பதும் உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடி, பில்டர் அடைத்து, நொசில் தேய்ந்த எஞ்சினில் அறுபது இருந்தாலே பெரிய காரியம்.

ஆகவே, புதிதாக வலு வாங்குவதற்கு முன்னர், காணாமல் போன வலுவைத் தேடிப் பிடிப்பதுதான் குறைந்த செலவில் நடக்கும் வேலை.

பம்ப்பைத் திறக்கும் வித்தை

எமது பக்கத்தில் இழுவை இல்லை என்றதும் முதலில் சொல்லப்படும் வைத்தியம், "பம்ப்பைக் கொஞ்சம் திறந்து விடுவோம்" என்பதுதான். டீசல் பம்ப்பின் பின்புறத்தில் முழுச் சுமைக்குரிய டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அதை உள்ளே திருப்பினால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் டீசல் போகும். ஐந்து நிமிட வேலை. வெளியே வந்து ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது போலவும் இருக்கும்.

2017 இல் நானும் இதைச் செய்தேன். வெல்லவாயவில் இருந்து அரிசி ஏற்றி வரும் வேலைக்காக வாங்கிய ஹைலக்ஸ் அது. ஒரு கராஜில் பம்ப்பைத் திறந்து கொடுத்தார்கள். ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தது. பிறகு பார்த்தால், ராவணா எல்லத் தாண்டி ஏறும்போது பின்னால் வருகிற வாகனமே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. அந்த வருடம் புகைப் பரிசோதனையில் வாகனம் தோற்றது. 2008 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். திறந்த ஸ்க்ரூவை மறுபடி மூடுவதற்கும் காசு கொடுத்தேன்.

கறுப்புப் புகை என்பது எரியாத டீசல். அதாவது பவுசர்காரனுக்குக் காசு கொடுத்து வாங்கி, புகைக் குழாயால் எறியும் எமது இலாபம். காற்று குறைந்த மலையில் டீசலைக் கூட்டுவது, அடுப்பில் காற்றுப் போக வழியில்லாதபோது மேலும் மேலும் விறகைத் திணிப்பது போல. அதோடு எஞ்சினுக்குள் வெப்பமும் கூடுகிறது. நீண்ட ஏற்றத்தில் அந்த வெப்பம் பிஸ்டனையும் ஹெட்டையும்தான் தாக்கும். ஹெட் வெடித்தால் பிறகு இழுவையைப் பற்றிப் பேச்சே இல்லை.

காணாமல் போன வலு எங்கே?

பழைய எஞ்சினில் வலு தொலையும் இடங்களை, செலவு குறைந்ததில் இருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இலேசான ஆவி வந்தால் பரவாயில்லை. கெத்தல் கொதிப்பது போலப் புஸ் புஸ் என்று வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. சந்தேகமிருந்தால் கொம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கொம்ப்ரஷன் போன எஞ்சினில் வேறு எதைச் செய்தாலும் அது வீண் விரயம்தான்.

இரண்டாவது, காற்று. தோட்டப் பாதைகளின் செம்மண் தூசி ஏயார் பில்டரை மூன்று மாதத்தில் அடைத்துவிடும். காகிதப் பில்டரைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். புதியதை வாங்கிப் போடுங்கள். பில்டர் பெட்டியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பொனட்டுக்குள் திறந்த நிலையில் கூம்பு வடிவப் பில்டர் போடுவது இப்போது இளைஞர்களிடம் ஒரு நாகரிகம். அது எஞ்சினின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். சூட்டுக் காற்று மெலிந்த காற்று. சத்தம் கூடும், இழுவை கூடாது.

மூன்றாவது, டீசல். டீசல் பில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், அதன் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்து விடுவதும் செலவே இல்லாத வேலை. அடுத்தது நொசில். நல்ல நொசில் டீசலை மூடுபனி போலத் தூவும். தேய்ந்த நொசில் சொட்டுச் சொட்டாக ஊற்றும். சொட்டும் டீசல் எரியாது. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, பம்ப் வேலை செய்யும் இடத்தில் சோதனைக் கருவியில் வைத்து உங்கள் கண் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பம்ப்பின் டைமிங்கையும் காதால் கேட்டல்ல, டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய டீசல் வாகனத்தில் கொடுக்கும் காசுக்கு அதிகமாகத் திருப்பித் தரும் வேலை இதுதான் என்பது என் அனுபவம்.

மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததால் பலர் கலந்தார்கள். அந்த மாதத்தில் அது 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டபோது அந்த ஆசை குறைந்தது. ஆனால் அன்று கலந்ததின் பலன் இன்றும் பல பம்ப்களுக்குள் இருக்கிறது. இந்தப் பம்ப்களுக்கு டீசலேதான் எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை குறைவு. உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது.

நான்காவது, வால்வ் இடைவெளி. வருடக் கணக்காக யாரும் தொடாத வேலை இது. எஞ்சின் மூச்சு விடும் கதவு வால்வ். அது முழுதாகத் திறக்காவிட்டாலும் முழுதாக மூடாவிட்டாலும் வலு குறையும். இதைப் பார்க்கும்போதே டைமிங் பெல்ட்டின் வயதையும் கேளுங்கள். ஹைலக்ஸின் எல் எஞ்சினுக்கு அது 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அறுந்தால் எஞ்சினே போகும்.

ஐந்தாவது, தண்ணீர். உயரம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். ஹப்புத்தளையில் சட்டியில் வைத்த தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினில் அது கொதிப்பதில்லை. அந்த மூடியின் றப்பர் பழுதானால் நூறு ரேடியேட்டர் மாற்றியும் பயனில்லை. சூடேறுகிறது என்றதும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது எமது ஊரில் ஒரு வழக்கம். சமதரையில் எஞ்சின் சூடேறாமலேயே ஓடி டீசலைக் குடிக்கும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும், ஏற்றத்தில் இன்னும் மோசமாகக் கொதிக்கும்.

ஆறாவது, பிடித்து இழுக்கும் இடங்கள். ஐந்து கிலோமீற்றர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சில்லின் நடுவையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் முழுதாக விடுபடவில்லை அல்லது பெயாரிங் போய்விட்டது. கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் இரைகிறது, வாகனம் நகரவில்லை என்றால் குற்றம் எஞ்சினில் இல்லை.

பெரிய டயர் தரும் நட்டம்

வாகனம் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று பெரிய டயர் போடுவார்கள். 205 ஆர் 16 அளவு டயரின் விட்டம் சுமார் 742 மில்லிமீற்றர். 31 அங்குல டயர் சுமார் 787. ஆறு வீதம் பெரிது. அதாவது எல்லாக் கியரும் ஆறு வீதம் உயர்ந்துவிட்டன என்று அர்த்தம். மூன்றாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாம் கியர் தேவைப்படும். வேகமானி குறைத்துக் காட்டும். பிரேக்கும் அதே அளவுக்குப் பலமிழக்கும். மறுபடி கம்பனி கொடுத்த அளவு டயருக்குத் திரும்புவது ஆறு வீத இழுவையைச் சும்மா வாங்குவதற்குச் சமம். டயர் எப்படியும் தேயத்தான் போகிறது, அடுத்த முறை சரியான அளவை வாங்குங்கள்.

முன்னால் இரும்புக் கம்பி பம்பர், மேலே இரும்புக் கெரியர், பெட்டிக்குள் தடித்த இரும்புத் தகடு என்று ஏற்றி வைத்திருப்பவர்கள் அவற்றை ஒரு நாள் தராசில் வைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு பயணமும் இரண்டு மூட்டை அரிசியைக் கூலி இல்லாமல் சுமந்துகொண்டு போகிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடும் வாகனம் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் கொடுத்தால் 286 லீற்றர் டீசல் வேண்டும். மேலே சொன்ன வேலைகளைச் செய்து அது 9 ஆகிவிட்டால் 222 லீற்றர் போதும். டீசலை லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 19,000 ரூபா மிச்சம். வேலைக்குக் கொடுத்த காசு சில மாதங்களில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவது இலாபம்.

டேர்போ யாருக்கு?

டேர்போ கெட்டது என்று நான் சொல்லவில்லை. மலையில் மெலிந்த காற்றுக்கு அதுதான் சரியான மருந்து. வெளியேறும் புகையின் சக்தியாலேயே சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். ஆனால் டேர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினுக்கு அதைப் பொருத்தும்போது ஒயில் போகவும் வரவும் குழாய் வேண்டும். பம்ப்பை அதற்கேற்ப மாற்ற வேண்டும். புகைக் குழாயின் வெப்பத்தை அளக்கும் மானி வேண்டும். கூலிங் அதைத் தாங்க வேண்டும். இவற்றில் பாதியை விட்டுவிட்டுத்தான் மலிவு விலை சொல்கிறார்கள். எல் குடும்ப எஞ்சின்களில் கம்பனியே டேர்போ போட்டு விற்ற 2எல்-டீயில் கூட ஹெட் வெடிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த பலவீனம். மூன்று இலட்சம் ஓடிய எஞ்சினின் தலையில் அந்தப் பாரத்தை வைப்பது நியாயமா என்று யோசியுங்கள்.

உங்கள் வாகனம் பிறப்பிலேயே டேர்போ உள்ளதாக இருந்தால் விடயம் வேறு. டேர்போவில் இருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாய்களில் ஒயில் கசிவும் வெடிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் ஒன்றை இறுக்கியதில் இழுவை திரும்பிய வாகனங்களை நான் பார்த்திருக்கிறேன். டேர்போ உள்ள முழு எஞ்சினையே வாங்கி மாற்றுவதானால், எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளது என்பதை மறக்க வேண்டாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாமல் ஓடினால், காப்புறுதி கேட்கும் நாளில் அந்தக் குறை முன்னால் வந்து நிற்கும்.

இறக்கத்தைப் பற்றிக் கேட்பவர் யார்?

பசறைத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் எப்படி?" என்பதுதான். "அது பரவால்ல நானா" என்றார். இந்தப் "பரவால்ல" எனக்கு நன்கு பழக்கமான வார்த்தை.

நான் பம்ப்பைத் திறந்த அதே 2017 இல் நோன்பு மாதம். ஸ்பிரிங்வெலிப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவர் எனக்கு டிரைவராக இருந்தார். "முதலாளி, பிரேக் பெடல் கொஞ்சம் கீழ போகுது" என்று சொன்னார். பெருநாள் வியாபாரம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். அதோடு, வாகனம் இப்போது நன்றாக இழுக்கிறது என்ற தைரியத்தில் வழமையை விடக் கூடுதலாகவும் ஏற்றத் தொடங்கியிருந்தேன். ஏற்றத்தில் வந்த தைரியம் இறக்கத்திலும் சுமையாகச் சேரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

எல்லவில் இருந்து வெல்லவாய நோக்கி இரும்புச் சாமான் ஏற்றி இறங்கும்போது, ராவணா எல்லவுக்கு மேலே பெடல் தரை வரை போய்விட்டது. பையன் நிதானத்தை இழக்காமல் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப் பிரேக்கைப் பிடித்து, மலைப் பக்கக் கானுக்குள் சில்லை இறக்கி மண் மேட்டோடு உரசி நிறுத்தினார். மறுபக்கம் பள்ளத்தாக்கு. அல்ஹம்துலில்லாஹ், ஒரு கதவும் ஒரு லைட்டும்தான் போனது. தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "முதலாளி, சாமானுக்கு ஒன்னும் இல்ல." அவர் உயிரைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னர் என் சாமானைப் பற்றி அவர் சொன்னார். அப்படிச் சொல்லும்படி நான் அவரைப் பழக்கியிருந்தேன் என்பதுதான் அன்று இரவு முழுக்க என்னைத் தூங்க விடவில்லை.

இந்தப் பாதைகள் எப்படிப்பட்டவை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13 ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியிலும் அதே போல ஒரு பஸ் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கணக்காகவும் பார்க்கலாம். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள வாகனம் எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு 800 மீற்றருக்கும் மேல் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி சுமார் 70 லீற்றர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் பிடிக்க வேண்டும் அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். எஞ்சினைப் பிடிக்க விடாவிட்டால் முழுச் சூடும் பிரேக்குக்குத்தான்.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குபவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். கியரில் போட்டு, கால் எடுத்து இறங்கும்போது இந்தப் பழைய பம்ப்கள் டீசலைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போனால்தான் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க டீசல் செலவாகும். ஆக மிச்சம் என்று நினைத்தது செலவு. எஞ்சினையே நிறுத்தி இறக்குபவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். டீசல் வாகனத்தில் பிரேக்குக்கு உதவும் வெக்கூமைத் தருவது, பெரும்பாலும் அல்டர்னேட்டரின் பின்னால் பொருத்திய சிறிய பம்ப். எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் எண்ணெய் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டொட் 3 எண்ணெய் புதிதில் 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தரம். ஈரம் சேர்ந்த பின் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். எனக்கு நடந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழு எண்ணெயையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் டீசல் காசு அளவு கூட வராது. கையேடு அனுமதித்தால் இன்னும் கூடிய வெப்பம் தாங்கும் டொட் 4 போடலாம்.

இன்னொன்று. ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில் பின் அச்சுக்கு மேலே, சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வ் ஒன்று உண்டு. கூடுதலாக ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வாகனத்தின் பின்புறம் உயரும். வாகனம் வெறுமையாக இருக்கிறது என்று நினைத்து அந்த வால்வ் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமை கூடியிருக்கும்போது பிரேக் குறைகிறது. பட்டை சேர்த்தவர்கள் அந்த வால்வைச் சரிசெய்தார்களா என்று இன்றே பாருங்கள்.

எந்த வரிசையில் செலவழிப்பது?

கையில் இருக்கும் காசு கொஞ்சம்தான் என்றால் வரிசை இதுதான். முதல் மாதம் பிரேக்: எண்ணெய், லைனிங், குழாய்கள், வெக்கூம் பம்ப். இரண்டாவது மாதம் ஏயார் பில்டர், டீசல் பில்டர், ரேடியேட்டர் மூடி, வால்வ் இடைவெளி. மூன்றாவது மாதம் நொசிலும் பம்ப் டைமிங்கும். டயர் தேயும்போது சரியான அளவு. இவ்வளவும் முடிந்த பிறகும் இழுவை போதவில்லை என்றால், அப்போது டேர்போவைப் பற்றியோ வேறு வாகனத்தைப் பற்றியோ பேசலாம். பெரும்பாலானோருக்கு அந்தப் பேச்சு தேவைப்படாது.

ஒவ்வொரு வேலைக்கும் திகதியும் கிலோமீற்றரும் எழுதிய ஒரு கொப்பியை டேஷ் போர்டுக்குள் வையுங்கள். கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் நாம் வாகனத்துக்கு ஒன்று வைப்பதில்லை. அதே கொப்பியில் டிரைவர் குறை எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் எழுதிய குறையைத் தீர்க்காமல் வாகனத்தைச் சுமையோடு வெளியே அனுப்புவதில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 2017 க்குப் பிறகு எனது கடையில் இது நடைமுறையில் இருக்கிறது.

ஏற்றத்தில் வாகனம் திணறினால் நட்டம் எமக்கு. சாமான் பிந்தும், டீசல் கூடும். அதனால் ஏற்றத்துக்குச் செலவழிக்க நாம் தயங்குவதில்லை. இறக்கத்தில் பிரேக் போனால் முதலில் போவது வேறொரு வீட்டுப் பிள்ளையின் உயிர். அதனால்தானோ என்னவோ, அந்தச் செலவை மாதம் மாதமாகப் பிற்போடுகிறோம். எம்மிடம் சம்பளத்துக்கு வரும் டிரைவரும், பின்னால் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து வரும் பையனும் அவர்களுடைய பெற்றோர் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்தக் கணக்கை நாளை மறுமையில் கேட்கும்போது "பெருநாள் சீசன்" என்று பதில் சொல்ல முடியாது.

பசறைத் தம்பி அன்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார். போகும்போது வாகனத்தைத் திருப்பி நிறுத்தச் சொல்லி, பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியை நானே திறந்து காட்டினேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பிளேன்டீ போலக் கறுத்திருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நாளைக்கே மாத்துறேன் நானா" என்றார்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வாகனத்தின் பொனட்டையும் ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். வல்ல அல்லாஹ் எமது பயணங்களையும், எமக்காகப் பயணம் போகிறவர்களையும் பாதுகாப்பானாக.